மருந்துக்குக்கூட

காலை நான்கு பத்து.
முதல் பேருந்தை நான் எடுக்க
இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
போர் வந்தால் பதுங்கச் சொல்லி
வீட்டோடு கட்டித் தந்த இரும்புக்கதவு அறையில்
பூனை வெட்டிவைத்த பதுங்குகுழிகளை
தினமும் நிரவுகிறேன்.

இடப்பக்கம் பொன்னி அரிசி மூட்டை,
அதன்மேல் தீபாவளி சீரியல் பல்புகள்,
வலப்பக்கம் இந்தப் பெட்டி.
"ரெண்டுக்கும் நடுவுல ஒரு எல்லை வேணும்"
என்று அமுதினி ஒரு மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள்.
ஓடாத விசிறி.

அள்ளி, தூக்கி, மெல்ல உதற வேண்டும்.
மணல் சல்லென்று இறங்கிவிடும்,
கட்டி மட்டும் கரண்டியில் தங்கும்.
எண்ணெயிலிருந்து வடை எடுக்கிற அதே கைப்பக்குவம்.
ஒருமுறை இதைச் சொல்லப்போய்
இரண்டு மாதம் வீட்டில் வடை இல்லை.

பூனை எங்களுடையதும் இல்லை.
உள்ளறையில் வாடகைக்கு இருந்த ரொவேனா
மணிலாவுக்குப் போகும்போது
"ஒரு மாசம்தான், அங்கிள்" என்றாள்.
அந்த ஒரு மாதத்துக்கு இப்போது மூன்று வயது.
பெயர் கோப்பி-ஓ. பால் கலக்காத கறுப்பு.
உரிமம் மட்டும் என் பெயரில்.

கட்டிகளை எண்ணுவேன்.
நாளெல்லாம் நடை எண்ணி எழுதுகிற கை
சும்மா இருக்காது.
குளிர்பெட்டியில் தொங்கும் காலண்டரில்
தேதிக்குக் கீழே பென்சிலால் 2, 1.
இரண்டு நீர், ஒன்று மற்றது.
மைத்துனன் பரிதி அதைப் பார்த்துவிட்டு
மாமா ரகசியமாக ஃபோர் டி கணக்குப் போடுகிறார் என்று
2131 வாங்கினான்.
ஒன்றும் விழவில்லை.

புரட்டாசியில் ஒரு புதன்.
கரண்டி மணலையே அள்ளி மணலையே உதறிற்று.
மூலையில், அடியில், விசிறிக்கு அந்தப் பக்கம்,
அரிசி மூட்டைக்குப் பின்னால்,
மருந்துக்குக்கூட ஒரு கட்டி இல்லை.
அவ்வளவு சுத்தமாக அந்தப் பெட்டி
ஒருநாளும் இருந்ததில்லை.
எனக்கு அடிவயிறு கலங்கிற்று.

வந்து குந்தியது. இறங்கியது.
திரும்ப ஏறிக் குந்தியது.
ஒரு துகள் நனையவில்லை.
பிறகு ஒரு சத்தம்,
எண்ணெய் காணாத கீல் மாதிரி.

டிப்போவுக்குப் போன் போட்டேன்.
யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள்.
கொஞ்சம் யோசித்து
"வீட்டில்" என்றேன்.
டாக்சியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு
"வீட்டிலன்னா அது நான்தானே?" என்றாள் அமுதினி,
அந்த நேரத்திலும்.

மூத்திரக்குழாயில் படிகம் அடைத்திருந்ததாம்.
இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால்...
மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.
பில்லை முடித்தார்.

மூன்று இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.
மூன்று காலையும் நான்கு பத்துக்கு விழிப்பு வந்து
கரண்டியோடு போய் நின்றேன்.
காலண்டரில் பூஜ்யம் போடவும் மனம் வரவில்லை,
கட்டங்கள் வெறுமனே கிடந்தன.

வீட்டுக்கு வந்த மறுநாள்
மணலுக்குள் கரண்டியில் கனம் தட்டியது.
உதறினேன். உடையவில்லை.
கோழிமுட்டை அளவு இருக்கும்.
அமுதினியை எழுப்பினேன்.
தூக்கக்கலக்கத்தில் வந்தவள்
மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்த்து
"இன்னும் கொஞ்சம் பெரிசா வரணும்" என்றாள்,
உப்புப் பார்த்ததுபோல்.

ஐந்து காசுப் பையில் போட்டு இறுக்க முடிந்து
மின்தூக்கிப் பக்கம் குப்பைக்குழாய்க்கு நடந்தேன்.
எதிர்வீட்டு குவெக்
வழக்கம்போல் பனியனோடு, தன் பையோடு.
இத்தனை வருடத்தில் நாங்கள்
இந்த மூடிக்கு முன்னால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்,
பேசியதில்லை.
நான்கு நாளாகக் காணோமே என்கிற மாதிரி பார்த்தார்.

பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

தலையசைத்தார்.
குழாயின் மூடியை எனக்காகத் திறந்து பிடித்தார்.